கழுத்துப்பட்டை

உடையின் உறுப்புகளில் மிகச் சிறியது கழுத்துப்பட்டை. தையற்காரர் அதனைக் காலர் என்பர். முதுகுக்கும் மார்புக்கும் கைகளுக்கும் செலவாகும் துணியோடு ஒப்பிட்டால், ஒரு சாண் அகலமும் இல்லாத இரண்டொரு துண்டுகளே அதற்குப் போதும். ஆயினும் தையற்கலை பயில்வோன் எளிதில் கைவரப் பெறாத பகுதி அதுவே. முதுகில் ஓர் அங்குலம் கூடினால் பிறர் அறியமாட்டார். கழுத்தில் அரை அங்குலம் குறைந்தால் உடுத்தியவன் நாள் முழுதும் அறிவான். உடலின் பிற பகுதிகள் உடைக்கு ஓரளவு விட்டுக்கொடுக்கும், கழுத்து விட்டுக்கொடுப்பதில்லை. மூச்சும் உணவும் குருதியும் குரலும் அக்குறுகிய வழியே செல்கின்றன. முன்புறத்தில் அதனைக் காக்க எலும்புக் கூடும் இல்லை. இதனால்தானோ என்னவோ, தமிழ் வழக்கில் நம்பிக்கைக் கேட்டைக் கழுத்தறுப்பு என்கிறோம். கடன் கழுத்தை நெரிக்கிறது. வேலை கழுத்தளவு வந்து நிற்கிறது. தாலியும் கழுத்திலேதான் ஏறுகிறது. மனிதன் தன் உயிரின் மென்மையை உணரும் இடம் கழுத்து. அதனைச் சுற்றி எதைக் கட்டுவது, எவ்வளவு இறுக்கிக் கட்டுவது என்னும் வினா ஆகவே சிறிய வினா அன்று.

அவ்வினாவுக்குப் பல நாட்டினர் கண்ட விடைகளை ஒரே இடத்தில் காண வேண்டுமானால், அதற்குப் பினாங்குத் துறைமுகத்தைப் போன்ற இடம் அரிது. 1786இல் பிரான்சிஸ் லைட் ஜார்ஜ்டவுனில் கொடியேற்றிய நாள்தொட்டு அங்கே வந்து இறங்கிய மக்கள் தத்தம் மொழியோடும் உணவோடும் தத்தம் கழுத்து வழக்கத்தையும் கொண்டுவந்தனர். மலாய் மக்களின் மேற்சட்டையில் இரண்டு வகை உண்டு. ‘தெலோக் பெலாங்கா’ என்பது பட்டையின்றிக் கழுத்து விளிம்பை நூலால் அழகுற மடித்துத் தைத்தது. ‘செக்காக் மூசாங்’ என்பது நிமிர்ந்து நிற்கும் சிறு பட்டையும் பொத்தான்களும் உடையது. சீனரின் நிமிர்ந்த பட்டை அதற்கு உறவு சொல்லத்தக்கது. ஐரோப்பியர் கஞ்சியால் விறைத்த வெள்ளைப் பட்டையோடு வந்தனர். வெயிலுக்கு அஞ்சிய பின்னர், கழுத்துவரை பொத்தானிட்ட வெள்ளைக் கோட்டை அணிந்தனர். மூடியது என்னும் பொருளில் மலாய் மொழியில் அது ‘பாஜு துத்துப்’ எனப்பட்டது. அலுவலகம் புகுந்த தமிழ் எழுத்தரும் அக்கோட்டைக் கைக்கொண்டனர். அவற்றையெல்லாம் வெளுத்து, கஞ்சியிட்டு, பெட்டிபோட்டுக் கொடுத்த சலவைத் தொழிலாளரின் பெயரால் ஆயர் ஈத்தாம் ஆற்றையொட்டிய பகுதி ‘டோபி காட்’ என்று இன்றும் வழங்குகிறது. ஊராரின் கழுத்துப்பட்டைகளை விறைப்பாக்கியவருள் பலர் பட்டையில்லாத வெற்றுடம்பினர் என்பதையும் ஈண்டு நினைவிற் கொள்ளுதல் தகும்.

இவ்வளவு வகைகளுள்ளும் கழுத்துப்பட்டையின் உண்மைப் பயனை ஐயமற உணர்த்துவது ஒன்று உண்டு. அது தரையில் நடப்போருக்காகப் பிறந்ததன்று. வானில் பறப்போருக்காகப் பிறந்தது. விமானிகளின் தோற்சட்டையே அது. வெப்பநாட்டுத் துறைமுகத்தில் நின்றுகொண்டு தோற்சட்டையைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று சிலர் ஐயுறலாம். பொருந்தும். ஜார்ஜ்டவுன் படகுத்துறைக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்தில் 1941இல் பிரிட்டிஷ் வான்படைத் தளம் திறக்கப்பட்டது. 1958இல் அது ஆஸ்திரேலிய வான்படையின் பொறுப்புக்கு வந்தது; 1988இல் மலேசிய வான்படையிடம் சேர்ந்தது. பினாங்கு மக்கள் அண்ணாந்து பார்க்கும் வானம் நெடுங்காலமாக விமானிகளின் பணியிடமாக இருந்து வந்திருக்கிறது. அந்தப் பணியிடம் குளிர் மிகுந்தது.

இதனை அறியக் கணக்கு ஒன்று போதும். உயரம் 1000 மீட்டர் கூடுந்தோறும் காற்றின் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும். 1923இல் தொடங்கப்பட்ட மலை ரயிலில் ஏறிப் பினாங்குக் கொடிமலையின் மேல் நிலையத்தில் இறங்குவோர், ஏறத்தாழ 700 மீட்டர் உயர்ந்ததற்கே உடல் சிலிர்த்து மாலைப் பொழுதில் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொள்கின்றனர். துறைமுகத்தில் 30 பாகை வெப்பம் இருக்கையில் 6000 மீட்டர் உயரத்தில் பறப்பவனைச் சூழ்ந்துள்ள காற்றோ உறைநிலைக்கும் கீழே ஒன்பது பாகை சென்றிருக்கும். நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் பறக்கிறோம் என்பது அவனுக்கு ஆறுதல் ஆகாது. அக்காலத்து விமானங்களில் இருக்கை திறந்தே இருந்தது. பின்னர் மேல்மூடி வந்தபோதும், உள்ளே வெப்பம் ஊட்டும் வசதி அரிதாகவே இருந்தது. காலணி காலைக் காத்தது. கையுறை கையைக் காத்தது. தோலாலாகிய தலையணி செவிகளைக் காத்தது. தலையணி முடிந்து சட்டை தொடங்கும் இடைவெளியில், நான்கு விரல் அகலமுள்ள கழுத்து மட்டும் காற்றுக்கு இரையாகி நின்றது. அவ்வழியே புகும் காற்று சட்டைக்குள் இறங்கிப் பரவினால், தோல் எவ்வளவு தடிப்பாக இருந்தும் பயனில்லை.

இதற்கு விடை காண முயன்ற வரலாறே விமானித் தோற்சட்டையின் வரலாறு எனலாம். அமெரிக்கத் தரைப்படையின் வானணி 1927இல் ஏற்றுக்கொண்ட ஏ-1 என்னும் சட்டைக்குக் கழுத்திலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் பின்னிய கம்பளிப் பட்டை இருந்தது. அது மென்மையாகக் கழுத்தோடு ஒட்டி நிற்கும்; ஆனால் உயர்த்தவோ தாழ்த்தவோ இயலாது. 1931இல் வந்த ஏ-2 சட்டையில் பொத்தான்களின் இடத்தை ஜிப் பிடித்தது. கழுத்தில் தோலாலேயே ஆகிய மடிப்புப் பட்டை அமைந்தது. மடிந்து கிடக்கும்போது அது மேற்சட்டையின் காலரைப் போல் தோன்றும். குளிரில் உயர்த்தினால் பிடரியை மறைக்கும். தொண்டைக்கு நேரே ஒரு சிறு கொக்கியால் மூடிக்கொள்ளவும் கூடும். காற்றில் அதன் முனைகள் படபடத்துக் கன்னத்தில் அறையாதிருக்க, அடியில் கண்ணுக்குத் தெரியாமல் அழுத்துப் பொத்தான்கள் வைக்கப்பட்டன. பொத்தான்கள் முனையைப் பற்றிக்கொண்டதால் காலர் மார்போடு படிந்து ஒழுங்குற நின்றது. இன்று அந்தச் சட்டையின் எழில் என்று பலரும் வியந்து கூறும் அந்த ஒழுங்கு, கன்னத்தில் அறைபடாதிருக்கச் செய்த ஏற்பாட்டின் விளைவேயாகும்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் லெஸ்லி இர்வின் என்பவர் செம்மறியாட்டுத் தோலை உரோமத்தோடே பதப்படுத்தி, உரோமப் பக்கம் உள்ளே இருக்கும்படி சட்டை செய்தார். வான்குடைத் தொழிலில் பெயர் பெற்றவர் அவர். அவர் செய்த சட்டையின் அகன்ற பட்டையை உயர்த்தினால் செவிவரை மூடும். 1934இல் அமெரிக்கர் ஏற்ற பி-3 சட்டையில், உயர்த்திய பட்டை சரிந்து விழாதிருக்கத் தோல் வார்கள் இரண்டு குறுக்கே அமைக்கப்பட்டன. 1940இல் அமெரிக்கக் கடற்படை ஏற்ற சட்டையோ வெள்ளாட்டுத் தோலால் ஆனது. அதன் கழுத்துக்கு மட்டும் கத்தரித்த ஆட்டு உரோமம் பொருத்தினர். பின்னாளில் ஜி-1 என்று பெயர் பெற்றது அந்த மரபே. உடலுக்கு ஒரு தோல், கழுத்துக்கு வேறு தோல் என்று பிரித்து எண்ணியது அறிவுடைமையாகும். ஏனெனில், காற்றைத் தடுக்கும் பொருளும் கழுத்தைத் தொடத்தக்க பொருளும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

இனி, அப்பட்டை எவ்வாறு கட்டமைகிறது என்பதைக் காண்போம். மனிதக் கழுத்து நேராக நட்ட தூண் போன்றதன்று, முன்னோக்கிச் சாய்ந்தது. பிடரி உயர்ந்தும் தொண்டைக்குழி தாழ்ந்தும் இருப்பதால், சட்டையின் கழுத்து வெட்டு பின்புறம் மேலேறியும் முன்புறம் கீழிறங்கியும் செல்லுதல் வேண்டும். முன்புற வெட்டு மேலேறிவிட்டால், குனியுந்தோறும் விளிம்பு தொண்டையில் அழுந்தும். வெட்டு அகன்றுவிட்டால், காலர் பிடரியை விட்டு விலகி நின்று காற்றுக்கு வாயில் திறந்துவிடும். நல்ல மடிப்புக் காலரில் இரண்டு பகுதிகள் உண்டு. கழுத்தோடு ஒட்டி நிமிர்ந்து நிற்கும் அடிப்பட்டை ஒன்று. அதன்மேல் மடிந்து வீழும் மேற்பட்டை மற்றொன்று. அடிப்பட்டையைத் தனித் துண்டாக வெட்டித் தைத்தால் காலர் உயர்ந்து நின்று, ஒரே கோட்டில் சீராக மடியும். அதனை விடுத்து ஒரே துண்டாகத் தைத்தால் காலர் தாழ்ந்து தோளோடு படிந்துவிடும். வெட்டும் தையலும் மிச்சமாகும். ஏ-2 சட்டையைப் பல தையலகங்கள் அரசுக்குத் தைத்துக் கொடுத்தன. சில அடிப்பட்டை வைத்தன; சில வைக்கவில்லை. ஆகவே, ஒரே பெயரும் ஒரே எண்ணும் கொண்ட சட்டைகளிலும் கழுத்தின் நிமிர்வு வேறுபட்டது.

துணியில் செய்யும் பிழையைத் தோலில் செய்ய முடியாது. துணியில் தையலைப் பிரித்து மீண்டும் தைக்கலாம். தோலில் ஊசி இட்ட துளை அழியாது. துணியை நீர் தெளித்துப் பெட்டிபோட்டு வளைத்துக்கொள்ளலாம். தோல் அதற்கு அவ்வாறு இசைவதில்லை. தடிப்பும் ஒரு சிக்கல். வட்டத்தின் ஆரம் 1 மில்லிமீட்டர் கூடினால் சுற்றளவு 6 மில்லிமீட்டருக்கும் மேல் கூடும் என்பது பள்ளிக் கணக்கு. 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள தோலை இரண்டடுக்காகக் கழுத்தைச் சுற்றி வளைத்தால், வெளியே செல்லும் அடுக்கு உள்ளடுக்கைக் காட்டிலும் அந்த அளவை ஒட்டி நீண்டிருத்தல் வேண்டும். இரண்டையும் ஒரே அளவாக வெட்டிய கைவினைஞனின் காலர் முனைகள் நாளடைவில் மேல்நோக்கிச் சுருளும். பார்ப்பவர், தோல் மட்டம் என்பர், மட்டமானது கணக்கு.

தமிழாசிரியர்க்கு இதனை விளக்க வேறோர் உவமை வேண்டியதில்லை. புணர்ச்சி இலக்கணமே போதும். இரு சொற்கள் கூடுமிடத்தில் ஒலி இடறாதிருக்கத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று விகாரங்கள் வகுத்தனர் முன்னோர். பூவும் கொடியும் சேர்ந்து பூங்கொடி ஆகையில் இடையே ஓர் எழுத்துத் தோன்றுகிறது. கழுத்து வெட்டுக்கும் மேற்பட்டைக்கும் இடையே அடிப்பட்டை தோன்றுவது அவ்வாறே. கல்லும் தூணும் கற்றூண் ஆகையில் எழுத்துத் திரிகிறது. மடிப்பின் வெளியடுக்கு தன் இணையின் அளவினின்று திரிந்து நீளுவதும் அத்தகையதே. மரமும் வேரும் மரவேர் ஆகையில் மகரம் கெடுகிறது. இரு தோல்கள் கூடும் விளிம்பைக் கைவினைஞன் கத்தியால் மெல்லியதாகச் சீவிவிடுவதும் கெடுதல் விகாரமே. சீவாமல் தைத்த விளிம்பு கழுத்தை அறுக்கும். கெடாத மகரம் நாவை இடறும். சேருமிடத்தில் ஒன்றையொன்று நோக்கி நெகிழாத இரு பொருள்கள் நன்றாகச் சேர்வதில்லை என்னும் விதி மொழிக்கும் தோலுக்கும் பொதுவாக இருப்பது வியப்புக்குரியது.

குளிரைத் தடுப்பது மட்டுமே பட்டையின் கடமையாக இருந்திருந்தால், உயரமாகவும் தடிப்பாகவும் இறுக்கமாகவும் தைத்துவிட்டு அமைந்திருக்கலாம். ஆனால் விமானி தலையைத் திருப்புபவன். போர் விமானத்தில் பகைவன் பின்னிருந்தே வருவான். வலத்தோளுக்கு மேலும் இடத்தோளுக்கு மேலும் இடையறாது திரும்பிப் பார்ப்பவனே உயிரோடு திரும்புவான். விறைத்த காலர் உரசி உரசிக் கழுத்துத் தோல் சிவந்து புண்ணாயிற்று. பட்டுத்துணியைக் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் பழக்கம் முதல் உலகப்போர்க் காலத்திலேயே பரவியது. பட்டு வழுக்கும், ஆகவே உரசாது. கடலில் வீழ்ந்தால் நனைந்த காலர் சுருங்கி இறுகிக் கழுத்தை நெரித்துவிடும் என்னும் அச்சமும் விமானிகளிடையே இருந்தது. படங்களில் காணும் பட்டுக் கழுத்துத்துணியை ஆடம்பரம் என்று கருதியவர் பலர். அது புண்ணுக்கு மருந்தாக வந்து, பின்னர் ஆடம்பரமாகத் தோற்றமளித்தது.

காக்கவும் வேண்டும், கட்டிவைக்கவும் கூடாது. இந்த இரண்டுக்கும் இடையே நிற்பதே நல்ல கழுத்துப்பட்டை. பட்டர்வொர்த்தின் வரலாற்றிலே இதனை எண்ணச் செய்யும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1941 டிசம்பர் 9ஆம் நாள், அத்தளத்திலிருந்து பிளென்ஹெய்ம் விமானங்கள் புறப்பட இருந்த வேளையில் ஜப்பானியக் குண்டுகள் வீழ்ந்தன. ஆர்தர் ஸ்கார்ஃப் என்னும் படைத்தலைவரின் விமானம் ஒன்றே மேலெழுந்தது. அவர் தனியே சென்று சயாம் நாட்டுச் சிங்கோராவைத் தாக்கி, படுகாயத்தோடு மரங்களின் உயரத்திற்குத் தாழப் பறந்து அலோர் ஸ்டாரில் விமானத்தை இறக்கினார். அன்றே உயிர் நீத்தார். அவருடைய வீரத்திற்கு 1946இல் விக்டோரியா சிலுவை அறிவிக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 11இல், ஜார்ஜ்டவுன் மக்கள் தெருவில் நின்று விமானங்களை வேடிக்கை பார்க்கையில் குண்டுகள் அவர்கள் மேலேயே விழுந்தன. மலாயாவின் வானில் ஒரு விமானி ஒரே பயணத்தில் உறையும் உயரத்துக்கு ஏறவும் கூடும். வியர்வை வழியும் தாழ்வுக்கு இறங்கவும் கூடும். இரண்டுக்கும் ஏற்ற ஒரே கழுத்துப்பட்டை, ஒரு கையால் உயர்த்தவும் ஒரு கையால் தாழ்த்தவும் இயல்வதாக இருத்தல் வேண்டும். மற்றொரு கை விமானத்தின் பிடியில் இருப்பது.

பட்டையின் வெட்டைப் போலவே அதன் தோலும் கருதத்தக்கது. தோலைப் பற்றிப் பேசும்போது தமிழகத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை, திண்டுக்கல் ஆகிய ஊர்களின் பதனிடுசாலைகளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் சென்னைத் துறைமுகத்தின் வழியே உலகச் சந்தைக்குச் சென்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோம் உப்பால் பதனிடும் முறை சென்னையில் வேரூன்றியது. அத்தொழிற்சாலையால் பெயர் பெற்றது குரோம்பேட்டை. 1948இல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது. பட்டையால் பதனிட்ட தோல் விறைப்பும் வடிவம் காக்கும் தன்மையும் உடையது. குரோமால் பதனிட்ட தோல் நெகிழ்ந்து மடியும். ஆகவே உடைக்குப் பெரிதும் அதுவே ஏற்றது. செம்மறித் தோல் மென்மையானது. ஆனால் எளிதில் கிழியும். வெள்ளாட்டுத் தோலின் இழைகள் நெருங்கியிருப்பதால், மெல்லியதாக இருந்தும் உரம் குன்றாது. எத்தோலாயினும் அதற்குக் கழுத்தின் வியர்வை பகை. வியர்வையின் உப்பும் எண்ணெய்ப் பசையும் காலரின் உட்புறத்தைக் கறுக்கச் செய்து, பின் வெடிக்கச் செய்யும். பினாங்கின் ஈரக்காற்றில் மூடிவைத்தால் பூஞ்சணம் பூக்கும். ஈரம் பட்டதை நிழலில் ஆற்றிக் காயவைக்க வேண்டும்; வெயிலில் இட்டால் மடிப்புக் கோட்டிலே முதல் வெடிப்புத் தோன்றும்.

உலகத்தார் கழுத்துக்குத் தோல் பதனிட்டவர்களின் கழுத்து எவ்வாறு இருந்தது? சுண்ணாம்பு நீரிலும் பட்டைச் சாற்றிலும் இடுப்பளவு நின்று அத்தோலைப் பதனிட்டோர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்களே. அவர்களைப் போன்றவருக்குச் சட்டை என்பதே உரிமைப் போராட்டமாக இருந்தது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் ஆடை உடுத்தலாகாது. கோட்டு, சட்டை, பனியன் எதுவும் அணியலாகாது. பெண்கள் மேலாடையும் இரவிக்கையும் அணியலாகாது என்பன அவற்றுள் சில. தடையை மீறியோரின் குடிசைகள் எரிக்கப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. ஜே. எச். ஹட்டன் இந்தியச் சாதிமுறை பற்றிய தம் நூலில் இவற்றை எழுதி வைத்துள்ளார். அமெரிக்க வான்படை தன் விமானிக்கு ஏ-2 சட்டையின் காலரைத் தேர்ந்தெடுத்த ஆண்டும் அதுவே. ஒரு நாட்டில் காலரின் முனை கன்னத்தில் படலாகாது என்று ஆராய்ந்துகொண்டிருந்த நாளில், மற்றொரு நாட்டில் காலர் கழுத்திலேயே படலாகாது என்று ஆணையிட்டுக்கொண்டிருந்தனர்.

இராமநாதபுரம், தஞ்சை, திருச்சி மாவட்டங்களிலிருந்து எண்ணற்றோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினர். 1926இல் ஓடத் தொடங்கிய ‘ராஜுலா’ கப்பலின் பெயர் மூன்று தலைமுறைத் தமிழர் வாயில் வழங்கியது. தோட்டத்திலும் துறைமுகத்திலும் அவர்களுக்குக் காத்திருந்தது கடும் உழைப்பே. அங்கும் கங்காணியின் பிடி கழுத்தில் இருந்தது. சாதியும் கப்பலேறியே வந்திருந்தது. ஆயினும் சட்டை அணிந்ததற்காகக் குடிசையை எரிக்கும் ஆணை அங்கே செல்லவில்லை. முதற்கூலியில் தைத்த முதற்சட்டையோடு நிழற்பட நிலையத்தில் நின்று, கழுத்துவரை பொத்தான் இட்டு, அப்படத்தை ஊருக்கு அனுப்பியவர் பலர். வெயில் நாட்டில் மேற்பொத்தானை ஏன் இட்டார்கள் என்று பிற்காலத்தவர் நகைக்கலாம். அந்தப் பொத்தான் வெப்பத்தையும் குளிரையும் கருதி இட்டதன்று. உடலின் வசதி ஒன்று உண்டு. மானத்தின் வசதி மற்றொன்று. இரண்டாவதன் பொருட்டு முதலாவதைச் சிறிது நேரம் விட்டுக்கொடுக்க அவர்கள் ஒருப்பட்டனர். பிறர் ஆணைக்காகக் கழுத்தை இறுக்குவதும், தன் விருப்பால் ஒரு பொத்தானை இடுவதும் பார்வைக்கு ஒன்றே போலிருப்பினும் ஒன்றாகா.

காலம் மாறியபின் தோற்சட்டையின் நிலையும் மாறிற்று. விமானத்தின் உட்புறம் அடைக்கப்பட்டு வெப்பமும் அழுத்தமும் சீராக்கப்பட்டன. 1950களில் பரவிய எம்ஏ-1 என்னும் நைலான் சட்டை உரோமப் பட்டையை நீக்கிவிட்டுப் பின்னிய சிறு பட்டைக்கே திரும்பியது. உரோமக் காலர் வான்குடையின் வார்களில் சிக்கித் தொல்லை தந்ததே காரணம். இவ்வாறு 1927இன் விடைக்கே வேறொரு வழியில் வந்து சேர்ந்தனர். 1988இல் அமெரிக்க வான்படை ஏ-2 சட்டையை மீண்டும் வழங்கத் தொடங்கியபோது, அது குளிருக்காக அன்று, மரபின் பெருமைக்காக. இன்று பினாங்கின் குளிரூட்டிய கடைகளிலும் அவ்வடிவத்துச் சட்டைகள் தொங்குகின்றன. பல காலர்களில் கொக்கி இல்லை; சிலவற்றில் அழுத்துப் பொத்தான் ஒப்புக்கு இருக்கிறது. உயர்த்தினால் நிற்காத காலரும் உண்டு. பயனிலிருந்து பிறந்த அழகைப் பயனின்றிப் படியெடுத்தால் இவ்வாறே ஆகும்.

ஆனால் அதே பினாங்கில், எந்தப் படையும் ஆணையிடாமல், எந்தக் கடையும் கற்பிக்காமல், மக்கள் தாமே கண்டுபிடித்த வழக்கம் ஒன்று உண்டு. விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்வோர் தம் மேற்சட்டையை முன்பின்னாக மாற்றி அணிகின்றனர். முதுகுப்பக்கம் மார்பிலும், ஜிப் உள்ள பக்கம் முதுகிலும் வந்துவிடும். 1985இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர்ப் பாலத்தின்மீது கடற்காற்றை எதிர்த்துச் செல்பவரைப் பார்த்தால் இதன் நுட்பம் விளங்கும். காற்று புகும் பிளவு முன்னே இல்லை. உயர்ந்த பிடரிப் பகுதி தொண்டையை மூடுகிறது. பின்னே திறந்திருப்பதால் கழுத்தில் இறுக்கமில்லை. தலையைத் திருப்பிப் பின்வரும் வண்டியைப் பார்க்கலாம். வேலையிடம் சேர்ந்ததும் பொத்தானோ ஜிப்போ அவிழ்க்காமல் கைகளை உருவிக் கழற்றிவிடலாம். அயலூரார் இதனைக் கண்டு முதலில் சிரிப்பர். பெருஞ்செலவில் வான்படைகள் ஆராய்ந்து கண்ட மூன்று பயன்களையும், அதாவது காற்றைத் தடுத்தல், கழுத்தை நெரிக்காமை, ஒரு நொடியில் மாற்ற இயலுதல் ஆகியவற்றை, அந்தத் தொழிலாளர் செலவின்றிப் பெற்றுவிட்டனர் என்பதை உணர்ந்தபின் சிரிப்பு நிற்கும்.

ஆகவே ஒரு காலரை மதிப்பிட விரும்புவோர் கண்ணாடியை மட்டும் நம்புதல் தகாது. கண்ணாடி முன்புறத்தையே காட்டும். அதுவும் அசையாது நிற்பவனைக் காட்டும். சட்டையை அணிந்து, மேல்வரை மூடி, கழுத்துக்கும் பட்டைக்கும் இடையே இரு விரல்களை நுழைத்துப் பார்த்தல் வேண்டும். பின்னர் இரு தோள்களின் மேலும் முகவாய் படுமாறு திரும்பிப் பார்த்தல் வேண்டும். கைகளை முன்னே நீட்டி வண்டி ஓட்டுவதுபோல் இருந்து, பிடரியில் இடைவெளி விழுகிறதா என்று காணல் வேண்டும். காலரை உயர்த்திக் கைவிட்டால் நிற்க வேண்டும். தாழ்த்தினால் படிய வேண்டும். இவ்வளவும் தேறிய காலர் பெரும்பாலும் பார்வைக்கும் அழகாகவே இருக்கும். தேறாத காலரை எவ்வளவு அழகியது என்று பிறர் புகழ்ந்தாலும், மாலைக்குள் உடுத்தியவன் விரல் அதனைத் தளர்த்தத் தானே மேலே செல்லும்.

மாணவர்க்குச் சீருடையும், பணியாளர்க்கு ஒழுங்குடையும், விழாவுக்கு விழாவுடையும் வகுப்போர் உலகில் என்றும் இருப்பர், இருத்தலும் வேண்டும். அளவு நாடாவைக் கையில் எடுக்கும்போது அவர்கள் ஒன்றை மறவாதிருத்தல் நலம். பட்டைக்கு ஏற்பக் கழுத்தை வளர்த்துக்கொள்ள யாராலும் இயலாது. கழுத்தை அளந்தபின்னரே பட்டையை வெட்ட வேண்டும்.